தம்பிடிக் கணக்கு

எச்சிற் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று ஒருவரைச் சுட்டிச் சொல்வது தமிழ் வழக்கு. கையை வீசினால் அதில் ஒட்டியிருக்கும் பருக்கை காக்கைக்குப் போய்விடுமே என்று அஞ்சுகிறவர் என்பது பொருள். அத்தகையோர் எம் குடும்பத்தில் மூவர் இருந்தனர். மூவருள் முதல்வர் எம் தாயைப் பெற்ற நன்னா. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையூரில் மளிகையும் கருவாடும் விற்றுப் பிழைத்தவர். 1986-ஆம் ஆண்டில் மறைந்தார். இன்றும் எம் குடும்பத்தில் ஒரு நிக்காஹோ பெருநாளோ வந்து, உறவினர் பாய் விரித்து அமர்ந்துவிட்டால், நள்ளிரவு வரை அவர் பேச்சுத்தான். சொல்பவர்க்கும் சிரிப்பு, கேட்பவர்க்கும் சிரிப்பு.

அச்சிரிப்பை இம்முறை சற்றே வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று எண்ணினோம். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்ட அரபு நூல் ஒன்றை அண்மையில் மறுபடியும் படிக்க நேர்ந்ததே அதற்குக் காரணம். அந்நூலில் வரும் பஸரா நகரத்துக் கருமியர் எம் நன்னாவுக்கு உடன்பிறந்தார் போலத் தோன்றினர்.

நூலின் பெயர் ‘கிதாபுல் புகலா’. கருமியர் நூல் என்று தமிழிற் சொல்லலாம். எழுதியவர் அல்ஜாஹிழ். ஏறத்தாழ கி.பி. 776-இல் பஸராவில் பிறந்து, ஹிஜ்ரி 255-இல் அவ்வூரிலேயே மறைந்தவர். இளமையில் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றார் என்பர். நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இது பாடநூல் அன்று. தாஹா அல்ஹாஜிரி 1948-இல் கெய்ரோவில் பதிப்பித்த படி ஒன்று நூலறையின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. நஹ்வுப் பாடத்தில் வாடிப்போன மாணவர்களுக்கு எம் உஸ்தாது ஒருவர் அஸருக்குப் பின் அதிலிருந்து ஒரு பக்கம், இரண்டு பக்கம் படித்துக் காட்டுவார். வாசகம் முடியுமுன்பே அவருடைய தாடி குலுங்கத் தொடங்கிவிடும்.

குராஸான் நாட்டு மர்வ் நகரத்தாரைத்தான் ஜாஹிழ் முதலிற் பிடித்துக்கொள்கிறார். எந்த ஊர்ச் சேவலும் தானியத்தைக் கொத்தியெடுத்துப் பெட்டையின் முன் போடும்; மர்வ் நகரத்துச் சேவல் மட்டும் பெட்டையின் அலகிலிருந்து பறித்துத் தின்னும்; ஆகவே கஞ்சத்தனம் அவ்வூர் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துள்ளது என்று ஓர் அறிஞர் ஆராய்ந்து முடிவு கூறியதாக எழுதுகிறார். இன்னொரு கதையில் குராஸானியர் சிலர் ஒரே அறையில் தங்குகின்றனர். விளக்கில்லாமல் எத்தனை நாள் பொறுக்கலாமோ அத்தனை நாளும் பொறுக்கின்றனர். பின்னர் எண்ணெய்க்குக் காசு சேர்க்கின்றனர். ஒருவன் மட்டும் தன் பங்கைத் தர மறுக்கிறான். மற்றவர் என்ன செய்தனர்? ஒவ்வோர் இரவும் விளக்கேற்றியதும் அவன் கண்களைத் துணியால் கட்டிவிட்டனர். விளக்கை அணைத்துப் படுக்கும்போதுதான் கட்டை அவிழ்த்தனர். காசு கொடாதவன் வெளிச்சத்தைத் திருடலாமோ!

எம் நன்னா கண்ணைக் கட்டவில்லை, விளக்கையே அணைத்தார். மஃரிபுக்குப் பின் யாரேனும் பேச வந்தால், “பேச்சு காதுக்குத்தானே, கண்ணுக்கு என்ன வேலை?” என்று திரியை இறக்கிவிடுவார். கணக்கு எழுதுவதாயின் விளக்கு எரியும். கதை பேசுவதாயின் எரியாது. தீக்குச்சியைச் சவரக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து ஒன்றை இரண்டாக்குவார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீப்பெட்டி கிடைக்காதபோது கற்ற வித்தை அது. போர் முடிந்து முப்பதாண்டுகள் ஆன பின்னும் அவர் வீட்டில் அரைக்குச்சிதான். கருவாடு குழம்பில் வேகும் நாளில் நன்னி உப்புச் சாடியைத் தொடக்கூடாது. கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது, அதற்கு ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது, மறுபடி எதற்கு? உப்புக்கு வரி இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். அவ்வரி 1947-இல் ஒழிந்தது. அவருடைய குழம்பிலிருந்து மட்டும் ஒழியவில்லை.

மீன் தலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மீன் வாங்கிய நாளில் தலை கொல்லைக்குப் போயிற்றென்று தெரிந்தால் வீடு அதிரும். கன்னத்துச் சதை, கண், மூளை என்று அதன் சிறப்புகளை வரிசையாகச் சொல்வார். அப்பாஸியர் காலத்து அறிஞர் ஸஹ்ல் இப்னு ஹாரூனைப் பற்றி அரபு இலக்கியத்தில் இதே போன்றதொரு கதை வழங்குகிறது. விருந்தினர் முன் வந்த கோழிச் சேவலில் தலை இல்லை. எறிந்துவிட்டேன் என்கிறான் சமையற்காரன். கூவும் குரல் அதில் இருக்கிறது, கொண்டை அதில் இருக்கிறது, உவமை சொல்லும் கண் அதில் இருக்கிறது, மூளையோ சிறுநீரக வலிக்கு மருந்து என்று ஸஹ்ல் நீண்ட சொற்பொழிவாற்றி, எங்கே எறிந்தாய், தேடிக் கொண்டுவா என்கிறார். தெரியாது என்கிறான் அவன். எமக்குத் தெரியும், உன் வயிற்றுக்குள் எறிந்தாய் என்று முடிக்கிறார்.

இந்த ஸஹ்ல் சாமானியர் அல்லர். கலீஃபா மஃமூனின் புகழ்பெற்ற நூலகத்தில் பொறுப்பு வகித்தவர். ‘கிதாபுல் புகலா’வின் தொடக்கத்திலேயே அவருடைய நீண்ட மடல் ஒன்று வருகிறது. யாருக்கு எழுதியது என்பதுதான் சுவை. தம் சிற்றப்பன் மக்களுக்கு! உறவினர் கூடி இவருடைய கஞ்சத்தனத்தைப் பழித்திருக்கின்றனர். அதற்கு இவர் வரிக்கு வரி விடையிறுக்கிறார். மாவை நன்றாகப் பிசையச் சொன்னதற்கா என்னைக் குறை கூறினீர்? விலையுயர்ந்த பழக்கூடைக்கு முத்திரையிட்டதற்கா? செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டதற்கா? ஒவ்வொன்றுக்கும் பெரியோர் வாழ்விலிருந்து சான்று காட்டி வாதாடுகிறார். உண்மையில் அவர் எழுதினாரா, ஜாஹிழே அவர் பெயரால் எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. எவர் எழுதினும், மடலைப் படித்து முடிக்கையில் நாம் ஸஹ்லின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். சிரிக்க வந்த இடத்தில் கருமியே நல்ல வழக்கறிஞராய் எழுந்து நிற்பது இந்நூலின் தனி அழகு.

பஸராவின் பள்ளிவாசலில் சிக்கனக்காரர் கூடிப் பேசும் பகுதி அதற்கு நல்ல சான்று. ஒரு முதியவர் தம் வீட்டு நீர்க்கதையைச் சொல்கிறார். கிணறு உப்பு, கழுதையும் குடிக்க மறுக்கிறது. ஆறோ தொலைவு. ஆகவே கழுதைக்கும் நன்னீரே கொடுக்கவேண்டியதாயிற்று. கழுதையின் குடலைக் கெடுத்த உப்புநீர் தம் தோலையும் கெடுக்குமென்று, அவரும் மனைவியாரும் குளிப்பதற்கும் நன்னீரையே கொண்டனர். குளித்த நீர் வீணே ஓடுகிறதே என்று நெஞ்சு பொறுக்கவில்லை. பின்னர் ஒரு வழி திறந்தது. குளிக்கும் இடத்தருகே குழி தோண்டி, வழவழப்பாய்ப் பூசி, நீர் அங்கே சேருமாறு வாட்டம் அமைத்தார். இப்பொழுது கழுதை அதைக் குடிக்கிறது, எவர்க்கும் இழப்பில்லை. கேட்ட கூட்டம் இது இறைவன் காட்டிய வழி என்று மகிழ்கிறது.

எம் நன்னா வீட்டுக் கிணறும் உப்புக் கரிக்கும். நன்னீரைக் குடத்தில் சுமந்துதான் வரவேண்டும். அரிசி களைந்த நீர் ஆட்டுக்கு. ஆடு விட்டது முருங்கைக்கு. ஒளுச் செய்யும் கல்லிலிருந்து ஓர் ஓட்டுச்சாலகம் வாழைக்குப் போகும். சிறுவராயிருந்த நாம் கால் கழுவும்போது சற்றே தள்ளி நின்றுவிட்டால், “வாழை என்ன பாவம் செய்தது?” என்று குரல் வரும். இன்றைக்கு இதே கரையில், நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் வகையில் கட்டப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, குளித்த நீரை மறுபடி பயன்படுத்துவது எப்படி என்று கற்றோர் மேடையேறிப் பேசினர். நாம் கீழே அமர்ந்து அந்த வாழையை நினைத்துக்கொண்டோம்.

நிற்க. நன்னாவின் கைவண்ணமெல்லாம் நாணயத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டது. அதற்கு இக்கரையின் காசு வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்தனர். ஒரு வராகனுக்கு 3,360 காசு! 1818-இல்தான் சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலையான அளவாயிற்று. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இந்நாட்டு இடங்களை ஆங்கிலேயரிடம் விட்டுப் போயினர். போகும்போது ஒரு சொல்லை நம்மிடம் விட்டுச் சென்றனர். அவர்களுடைய ‘டொய்ட்’ என்னும் செப்புக் காசே நாம் வழங்கும் ‘துட்டு’ என்பர். கோட்டை இடிந்து கிடக்கிறது. துட்டு இன்றும் சென்னையின் தெருவெல்லாம் புழங்குகிறது.

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி என்பது நன்னா கற்ற வாய்பாடு. ஜாஹிழின் நூலில் ஒரு கருமி, திர்ஹம் ஒன்று கைக்கு வந்ததும் அதனோடு உரையாடுகிறான். எத்தனை ஊர் அலைந்தாய், எத்தனை பைகளில் தங்கினாய் என்று நலம் உசாவி, இனி வெயிலும் அலைச்சலும் இல்லை என்று ஆறுதல் கூறிப் பையில் இடுகிறான். நன்னா பேசியதில்லை. ஆனால் கொடுக்குமுன் நாணயத்தைத் திருப்பித் திருப்பி ஒருமுறை பார்ப்பார். வழியனுப்புவது போலிருக்கும்.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பதின்மப் பணம் வந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா. ஓர் அணாவுக்கு உண்மை மதிப்பு ஆறேகால் பைசா. காற்பைசா என்று நாணயம் இல்லையாதலால் அரசு முழு எண்ணாக்கி அட்டவணை வெளியிட்டது: ஓரணாவுக்கு 6, ஈரணாவுக்கு 12, மூவணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. நாடெங்கும் மக்கள் குழம்பினர். நன்னா குழம்பவில்லை. அட்டவணையை ஓரிரவு முழுதும் (விளக்கெரிய!) ஆராய்ந்தார். மறுநாள் முதல் பிறர் கடையில் மூவணாச் சரக்கு வேண்டுமாயின், ஓரணா ஓரணாவாக மூன்று முறை போய் வாங்குவார். மும்முறை ஆறு பதினெட்டு. சேர்த்து வாங்கினால் பத்தொன்பது. ஒரு பைசா மிச்சம். தம் கடைக்கு வருவோரிடம் மட்டும், “எதற்கு மூன்று நடை? சேர்த்து வாங்கிக்கொண்டு போ” என்று அன்போடு கூறுவார்.

பயணமும் அப்படியே. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் சென்னைக்குப் போன காலம் அது. கரையில் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்துச் செல்வர். இளமையில் நன்னா சென்னைக்குப் போகவேண்டியிருந்தபோது, தோணிக்காரரிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கூலி கேளாமல் தாமும் கயிறு இழுப்பார். அவர்கள் கட்டணம் கேட்கக்கூடாது. இவ்வாறு சென்னை வரை தோணியில் ‘சென்றார்’. சென்றது தோணிதானே, இவர் நடந்தாரல்லவா என்று எவரேனும் கேட்டால், “மூட்டை தோணியில்தானே வந்தது?” என்பார்.

அந்தக் கால்வாயில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும் பஞ்சத்தின்போது, நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரையே கால்வாய்க்கு இட்டனர். கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877-இன் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார்: நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. (ராத்தல் என்பது அரபியின் ‘ரத்ல்’, நல்ல சொல்லொன்று எத்தகைய இடத்துக்கெல்லாம் போய்ச் சேருகிறது!) இது உயிர் தாங்கப் போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் மன்றாடினார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

அவ்வேலையில் தாயோடு மண் சுமந்த பத்து வயதுச் சிறுவருள் ஒருவர் எம் நன்னாவின் தகப்பனார். ஓர் அணா என்பது ஓர் ஆள் ஒருநாள் சாகாமலிருப்பதற்குச் சர்க்கார் வைத்த விலையின் ஒரு பாதி என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. அவர் மடியில் வளர்ந்த பிள்ளை நன்னா. மர்வ் நகரத்துக் கஞ்சத்தனம் மண்ணிலும் நீரிலும் கலந்தது என்று கூறிய அறிஞர், அந்த மண் என்றேனும் வறண்டதா என்று கேட்டிருக்கலாம்.

ஆயினும் காரணம் சொல்வது வேறு, கணக்கைத் தீர்ப்பது வேறு. இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் உலோபத்தின் இழிவுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியுள்ளார். மார்க்கமோ மனிதப் பண்போ கொடு என்று கேட்கும் இடத்தில் கையை மூடுவதே புக்ல் என்பது அவர் தரும் அளவுகோலின் சாரம். தன் தேவையைச் சுருக்கிக்கொள்வது அதிற் சேராது. அந்த அளவுகோலை வைத்தால் அரைத்தீக்குச்சி தேறிவிடும். மூன்று நடையும் தேறும். கயிறிழுத்த பயணம் மிக நன்றாகவே தேறும். தேறாதது ஒன்று இருக்கிறது. இதை எழுதுவதால் உறவினர் சிலர் மனம் வருந்தக்கூடும்.

இக்கதைகளையெல்லாம் எம் குடும்பத்தில் எவரினும் நன்றாகச் சொல்பவர் எம் பெரியம்மா, நன்னாவின் மூத்த மகள். நன்னாவின் நடையையும் குரலையும் அப்படியே காட்டுவார். ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியவர். மேலே படிக்க வெளியூர் போகவேண்டும். ஆசிரியர் வீடு தேடி வந்து கேட்டார். நன்னா ஒரு நிக்காஹ் அழைப்பிதழின் பின்புறத்தில், போக வரப் பேருந்துக் கட்டணத்தை ஆறாண்டுகட்குப் பெருக்கி எழுதி, மகளிடம் நீட்டினார். வீட்டில் கணக்குத் தெரிந்த பிள்ளை அவர்தான். சிறுமி கூட்டிப் பார்த்தாள். கணக்குச் சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. இதைப் பெரியம்மா ஒருநாளும் சொன்னதில்லை; எம் தாயார் சொல்லித்தான் அறிவோம். பணமில்லை என்றால் பொறுக்கலாம். அந்த ஆண்டில்தான் நன்னா கடையை ஒட்டிய மனையை வாங்கினார்.

‘கிதாபுல் புகலா’வில் மர்யம் என்றொரு பெண் வருகிறாள். மகளின் திருமணத்தில் பொன்னும் பட்டும் பூட்டி அவளை நிறுத்துகிறாள். எளியவனான கணவன் திகைத்து, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்கிறான். மகள் பிறந்த நாளிலிருந்து, மாவு பிசையும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தாளாம். ஓர் அளவு சேர்ந்ததும் விற்றாளாம். ஜாஹிழ் இவளையும் கருமியர் வரிசையில்தான் வைத்திருக்கிறார். இங்கே நாம் அவரோடு உடன்படவில்லை. நம் வீடுகளிலும் பிடி அரிசிப் பானை இருந்தது. உலையிலிடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவர். மாதக் கடைசியில் மத்ரஸாவிலிருந்து பையோடு ஒருவர் வருவார். நாமே சிறுவயதில் அவ்வரிசியில் பொங்கிய சோறுண்டு ஓதியவர்தாம்.

பெரியம்மா வாழ்க்கைப்பட்ட செங்கல்பட்டு வீட்டில் பானைகள் இரண்டு இருந்தன. ஒன்று மத்ரஸாவுக்கு. மற்றொன்று எதற்கென்று பெரியத்தாவுக்கே நெடுநாள் தெரியாது. அவர்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன அன்று தெரிந்தது. எம் அக்காள் கல்லூரி முடிக்கும் வரை அந்தப் பானை ஓயவில்லை. அன்றாடம் குறைந்த பிடியைக் குடும்பத்தில் யாரும் கவனிக்கவில்லை. நன்னா மட்டும் ஒருமுறை விருந்துக்கு வந்தவர், சோற்றின் அளவைப் பார்த்துவிட்டு, “நல்ல பழக்கம்” என்றாராம். எதற்கென்று அவர் கேட்கவுமில்லை, பெரியம்மா சொல்லவுமில்லை.

நன்னா மறைந்தபோது பங்கு பிரித்ததில், யாரும் கேளாமல் கிடந்த கோணிப்பை ஒன்று பெரியம்மாவிடம் வந்தது. கட்டை அவிழ்த்தால் ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா அலுமினிய நாணயங்கள், கடையில் சில்லறையாய்ச் சேர்ந்தவை. இருபத்தைந்து ஆண்டுகள் அது பரணிலேயே கிடந்தது. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாவென்று அரசு அறிவித்தபோது, பேரப்பிள்ளைகள் பையைக் கீழே இறக்கினர். எண்ணிப் பார்த்தால் அறுபது ரூபாய்கூடத் தேறவில்லை. ஒரு பைசா நாணயத்தின் எடை முக்கால் கிராம். ஒரு கிலோவுக்கு 1,333 நாணயம், பதின்மூன்று ரூபாய்ச் சொச்சம். பிள்ளைகளுள் ஒருவன் விளையாட்டாகக் காயலான் கடையில் விசாரித்து வந்தான். அலுமினியமாக எடை போட்டால் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தருவதாகச் சொன்னார்களாம். வீடே சிரித்தது. பெரியம்மா பையை வாங்கி முன்போலக் கட்டினார்.

“அத்தா இருந்தா இந்த விலைக்குக் குடுப்பாங்களா? இன்னும் ஏறட்டும்னு வச்சிருப்பாங்க” என்று சொல்லிப் பரணில் ஏற்றச் சொன்னார். பை இன்னும் அங்கேதான் இருக்கிறது.